கோபுரத்தில் முளைத்த நெல்

உங்கள் மேனேஜர் என்னை ஸ்ரீ சிட்டி ஷெட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னார். மாட்டேன் என்றேன். எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது, நிற்கவும் வராது. பேச்சுக்கு நடுவில் கூரையில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பார்க்கப் போய்விடுவேன். போன தடவை அப்படித்தான் ஆயிற்று. விழாவுக்கு வந்தவர்கள் பாதிப் பேச்சுக்கு என் முதுகைத்தான் பார்த்தார்கள். அதனால் எழுதித் தருகிறேன். இதையும் ஒரே மூச்சில் எழுதவில்லை. நடுவில் எழுந்துபோய் வாசல் கேட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீங்கள் வெளிநாட்டுக் கண்காட்சியில் நம் அரங்கம் கட்ட அடுத்த வாரம் விமானம் ஏறப்போகிறீர்கள். அதற்குள் உங்களில் ஒரு பெண் மேனேஜரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அரங்கத்தின் வரைபடத்தில், உச்சியில், பெயரே எழுதாமல் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, அது எதற்கு என்று. மேனேஜருக்குத் தெரியவில்லை. எனக்குப் போன் செய்தார். நல்ல கேள்வி. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை, அதுவே எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

வெல்டிங்கையும் கிரேனையும் பற்றி நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு காலை நேரத்தைப் பற்றி.

நாடு கதவைத் திறந்துவிட்ட காலம். சித்தூரில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஸ்டுடியோ தெருவுக்கு ஒன்று முளைத்திருந்தது. விஜயபுரம் பக்கம் எங்கள் கிராமத்தில் வீட்டுக்கு ஒருவன் வளைகுடாவில் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். நானும் கட்டினேன். பிறகு கண்காட்சி அரங்குகள் போடுகிற கம்பெனி ஒன்றில் சைட் இன்சார்ஜ் ஆனேன். அப்போதுதான் ஐரோப்பாவில் நடந்த ஓர் உலகக் கண்காட்சியில் நம் நாட்டு அரங்கம் எழுப்பும் வேலை எங்களிடம் வந்தது.

உலகக் கண்காட்சி என்றால் என்ன என்று அங்கே போய்ப் பார்த்தால்தான் புரியும். ஒரு பெரிய மைதானத்தில் நாடுகளெல்லாம் பக்கத்துப் பக்கத்து மனைக்காரர்களாகிவிடும். ஒருவர் வெள்ளைத் துணியில் மலை கட்டுவார், ஒருவர் படகைக் கவிழ்த்து வைத்த மாதிரி மரக்கூடம் கட்டுவார், ஒருவர் சுவரே இல்லாமல் தண்ணீரைக் கொட்டவிட்டு அதுதான் சுவர் என்பார். பக்கத்து வீட்டுக்காரன் மாடி எடுத்தால் நமக்குத் தூக்கம் போகுமே, அதே கதைதான், கொடி மட்டும் பெரியது.

நம் அரங்கத்துக்கு டெல்லியில் ஒரு கமிட்டி. பாதிப் பேர் கண்ணாடிக் கட்டடம் கேட்டார்கள். புதிய இந்தியா, கம்ப்யூட்டர் இந்தியா என்று காட்ட வேண்டுமாம். மீதிப் பேர் கோபுரம் கேட்டார்கள். சண்டை போட்டுச் சலித்து, கண்ணாடிக் கட்டடம், அதன் வாசலில் மூன்று நிலைக் கோபுரம் என்று முடித்தார்கள். அதை வரைய வேண்டிய தலையெழுத்து ரங்கராஜன் சாருக்கு வந்தது. திருப்பதிக்காரர். தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் கைங்கர்யத்தில் இருக்கிற குடும்பம். இவர் மட்டும் தப்பித்து ஆர்க்கிடெக்ட் ஆனவர்.

கோபுரம் வரைந்தார், ஆனால் அதில் ஒரு தெய்வ உருவம்கூட வைக்கவில்லை. கொடி, யாளி, நாட்டியப் பெண்கள், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டேன்.

"ஆறு மாசத்திலே இதை உடைச்சு லாரியிலே ஏத்தப் போறோம், முனுசாமி. இது கோபுரம் இல்லே. கோபுரம் மாதிரி ஒரு வாசல். நீயும் அப்படியே நெனச்சுக்கோ. உன் ஆட்கள்கிட்டேயும் சொல்லி வை."

சொல்லி வைத்தேன். ஆட்கள் தலையாட்டினார்கள்.

ஃபைபரில் செய்யும் வேலை. சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றின் கிடங்கைச் சீசன் இல்லாத மாதங்களில் வாடகைக்குப் பிடித்தோம். தை மாதத்திலிருந்து அங்கேயே அச்சு எடுத்து, வார்த்து, வண்ணம் அடித்தோம். யாளியின் வாய்க்குள் மூக்கை வைத்தால்கூட மாம்பழ வாசனை வரும். கண்டெய்னரில் அடுக்கும்போது துண்டுகள் ஆடாமல் இருக்க நடுவில் உமி மூட்டைகள் திணித்தோம். அந்த மூட்டைகளில் சிலவற்றில் உமி இல்லை என்பது எனக்குத் தெரியாது.

இனி கன்னியப்பனைச் சொல்ல வேண்டும். என் தெருக்காரன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். உச்சி வேலை என்றால் அவன்தான். சாரத்தின் மேல் நின்றுகொண்டு அவன் பீடி பற்றவைத்தால், கீழே நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. கோபுரத்தின் மேல் கலசங்களை நட்டவன் அவன். நடுக்கலசம் ஆள் உயரம், உள்ளே காலி, வெறும் ஃபைபர் ஓடு. அன்று சாரத்தில் வாளி மேலே போவதும் வருவதுமாக இருந்தது. பசை எடுத்துப் போகிறான் என்று நினைத்தேன். கீழே வாளி கட்டிக் கொடுத்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

கண்காட்சி திறந்தது. முதல் மாதம் ஒரு வம்பும் இல்லை. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. வேலை நன்றாகப் போகிறபோது எனக்கு உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருக்கும். பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர்க் கோடை மழை, நம்மூர் மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. நாள் கணக்கில் நசநசவென்று பெய்தது.

மழை விட்ட பிறகு ஒரு நாள் நடுக்கலசத்தின் கழுத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. பாசி என்று நினைத்தேன். அடுத்த நாள் அது விரல் நீளம். அதற்கடுத்த நாள் காற்றில் அசைந்தது. வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள் அண்ணாந்து பார்த்துப் போட்டோ எடுத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, தலையில் பயிர் வளர்க்கும் அரங்கம், இந்தக் கண்காட்சியிலேயே உயிருள்ள கட்டடம் இதுதான் என்று எழுதிவிட்டது. மற்ற நாட்டு ஆர்க்கிடெக்டுகள் வந்து ரங்கராஜன் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, உதடு அசையாமல், "யாருடைய வேலைடா இது?" என்றார்.

எனக்கும் தெரியாது. ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். குருவி எதையாவது கொண்டுவந்து போட்டிருக்கும் என்றான் ஒருவன். கன்னியப்பன் தன் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு மனசு பறந்தது. ஆனால் சாரத்தை எப்போதோ பிரித்தாகிவிட்டது. தூக்குக்கூடை வண்டி கேட்டால், நம் நாட்டுக்கென்று ஒதுக்கிய விழா நாள் முடியட்டும் என்றார்கள். அந்த நாளில் டெல்லியிலிருந்து மந்திரி வருவதாக இருந்தது.

அந்தக் காலைதான் நான் சொல்ல வந்தது.

நல்ல வெயில். கோபுரத்துக்குக் கீழே வரிசை வளைந்து வளைந்து நின்றது. முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள், வாத்தியாரம்மா எண்ணி எண்ணி நிறுத்திக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். காலடியில் ஏதோ நெருடியது. குனிந்து எடுத்தேன். நெல். ஊறி, உப்பி, வாய் பிளந்த நெல். இன்னும் இரண்டு அடி தள்ளி ஒன்று. அண்ணாந்து பார்த்தேன். மழையே இல்லாத நாளில் கலசத்தின் அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அதன் வயிற்றில் மேலிருந்து கீழாக நூல் பிடித்தாற்போல் ஒரு வெள்ளைக் கோடு.

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நனைந்த நெல் மூட்டை என்ன செய்யும் என்று. ஊறி ஊறிப் பெருத்து, தையலைத் தெறிக்கவிட்டுத்தான் அடங்கும். இந்த மூட்டைக்குத் தையல் ஃபைபர். அதுவும் ஓட்டின் எடையை மட்டும் தாங்கத்தான் கணக்குப் போட்டது.

என் கை தானாகக் கயிற்றை எடுத்தது. வாசலை மறித்துக் கட்டினேன். வரிசையைப் பின்னால் போகச் சொல்லிக் கத்தினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியவில்லை, ஆனால் யாரும் நகரவில்லை. ரங்கராஜன் சார் பட்டு அங்கவஸ்திரம் நழுவ ஓடிவந்தார்.

"என்ன பண்றே? மந்திரி கார் கேட்டுக்கு வந்தாச்சு!"

"மேல கலசம் பிளந்துக்கினு கீது சார். உள்ள நெல்லு."

"நெல்லா?" அண்ணாந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அரை மணி பொறுத்துக்கோயேன். ஒரு மாசமா நின்னது அரை மணி நிக்காதா? அவா உள்ளே போயிடட்டும், அப்புறம் மூடிக்கலாம்."

நம் மாநிலத்து அதிகாரி ஒருவர் பின்னாலேயே வந்து, மந்திரி வருகிற நேரத்தில் இதென்ன வேலை என்று தெலுங்கில் சத்தம் போட்டார். "ஏமய்யா, ஏம் பனி இதி? மினிஸ்டர் ஒச்சே டைம்லோ!"

"பைனிஞ்சி படிபோதுந்தி சார்," என்றேன். மேலேயிருந்து விழுந்துவிடும் என்று. சொல்லும்போதே எனக்குச் சந்தேகம். விழாவிட்டால்? மந்திரியை வாசலில் நிறுத்தி நாட்டை அசிங்கப்படுத்தியவன் என்று என் பெயர் நிற்கும். என்னோடு என் ஆட்கள் அத்தனை பேருக்கும் அடுத்த வேலை கிடையாது. விழுந்துவிட்டால்? அந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன். ஒரு பையன் தரையில் கிடந்த நெல்லை எடுத்து மோந்துகொண்டிருந்தான். கயிற்றை அவிழ்த்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன்.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தார். கண்காட்சியின் பாதுகாப்பு அதிகாரி. பெயர் எங்கள் வாயில் நுழையாது, மஞ்சள் தொப்பி அம்மா என்போம். ஏணியின் கால் ஒரு விரல் சாய்ந்திருந்தால்கூட வேலையை நிறுத்துகிறவர். நாங்கள் அவரைக் கண்டால் வேறு பக்கம் போவோம். கயிற்றைப் பார்த்தார், மேலே பார்த்தார். ஆங்கிலத்தில் ஒரே கேள்வி கேட்டார்.

"விழும் என்று உறுதியாகத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியானால் மூடு."

சொல்லிவிட்டுக் கயிற்றின் இன்னொரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார். அவர் விசிலை ஊதியதும் வரிசை நகர்ந்தது. இந்தத் தொழிலில் எனக்குப் பல பேர் பல விஷயம் சொல்லித் தந்திருக்கிறார்கள். உறுதியாகத் தெரியாததுதான் மூடுவதற்குக் காரணம் என்பதை அந்த இரண்டு வார்த்தையில் கற்றேன். உறுதியாகத் தெரிகிற நேரத்தில் மூட என்ன மிச்சம் இருக்கும்?

மந்திரியைப் பின்பக்கம், நம் உணவகத்துச் சமையலறை வழியாக அழைத்துப் போனார்கள். தோசைக்கல்லுக்கும் பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கும் நடுவே மாலை போட்டார்களாம். அவர் அங்கேயே நின்று ஒரு தோசை சாப்பிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மனிதருக்குக் கோபமே வரவில்லை. கோபப்பட்டவர்கள் எல்லாம் அவரோடு வந்தவர்கள்தான்.

அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. கோணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நடுக்கலசத்தின் வயிறு திறந்துகொண்டது. முளைவிட்ட நெல் நிலை நிலையாகச் சரிந்து, நாட்டியப் பெண்களின் தலைமேல் கொட்டி, யாளியின் வாயை நிரப்பிவிட்டுத் தரைக்கு வந்தது. பின்னாலேயே ஓட்டின் ஒரு பாதி. கதவு அகலத்துக்கு இருக்கும். பிள்ளைகள் நின்ற இடத்தில் விழுந்து கல்லைப் பெயர்த்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாத்தியாரம்மா மட்டும் பிள்ளைகளை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டே இருந்தார்.

விசாரணை அங்கேயே, அந்த நெல் குவியலுக்குப் பக்கத்திலேயே நடந்தது. ரங்கராஜன் சார் என் காதில், "மழை ஜலம் ரொம்பிடுத்துன்னு சொல்லிடு," என்றார். கணுக்கால் வரை நெல்லில் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது? ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கன்னியப்பன் முன்னால் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நான்தான் போட்டேன். வேற யார் மேலயும் தப்பு இல்ல."

அந்த அம்மாளுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னது நான்தான். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

அனுமதியில்லாமல் விதை கொண்டுவந்தது ஒரு குற்றம், கட்டடத்தில் சொல்லாமல் எடை ஏற்றியது இன்னொன்று. முதல் விமானத்தில் அவனை ஊருக்கு அனுப்பச் சொன்னார்கள். நான் கெஞ்சினேன். அந்த அம்மாள் விதி என்றார். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். பிள்ளைங்க செத்திருந்தா இன்னாடா பண்ணியிருப்ப என்று கத்தினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பெட்டியை இறக்கும்போதுதான் பேசினான்.

"ஊரு கோயிலு கும்பாபிஷேகம் நெனப்பு கீதா ண்ணா? நாம சின்னப் பசங்க."

நினைவிருந்தது. கலசத்தில் போட நெல் கேட்டு மேளத்தோடு வீடு வீடாக வந்தார்கள். நிலம் இருக்கிற வீடுகளுக்குத்தான். எங்கள் தெருவுக்கு மேளம் திரும்பவில்லை. எங்களுக்குக் கழனி கிடையாது, அடுத்தவர் கழனியில் கூலிதான்.

"எங்க நைனா மொறத்துல நெல்லு வெச்சிக்கினு வாசல்ல நின்னுக்கினு இருந்தாரு. கூலி நெல்லு. வருவாங்கன்னு. வர்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இப்பத்தான் எங்களுக்குப் பட்டா வந்துச்சு. எங்க கயினில வெளஞ்ச மொத நெல்லு அது. ஊருல அடுத்த கும்பாபிஷேகம் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? இங்க ஒரு கோபுரம் கீது, அதுக்குக் கலசம் நடறவன் நானு. யாரக் கேக்கணும்?"

"என்னக் கேட்டிருக்கலாம்டா."

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப ண்ணா. அதான் கேக்கல."

சொல்லியிருப்பேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அவன் உள்ளே போன பிறகு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அழுதேன். அவன்மேல் இருந்த கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவன் மறுபடி வெளிநாடு போகவில்லை. நான் ஓடிக்கொண்டே இருந்தேன். பல வருஷம் கழித்து வளைகுடாவில் இன்னொரு கண்காட்சி வந்தது. இந்தத் தடவை கோபுரம் இல்லை, ஓட்டை ஓட்டையாக அலுமினியத் திரை. ரங்கராஜன் சாருக்குத் தலை நரைத்திருந்தது, அந்தக் காலையின் கோபம் அப்படியே இருந்தது. உச்சியில் ஒரு சின்னப் பெட்டி வரையச் சொன்னேன். தண்ணீர் புகாத மூடியோடு, எடைக்குக் கணக்குப் போட்டு.

"எதுக்குன்னு வரைபடத்திலே என்ன பேர் போடறது?"

"பேரு வேணாம் சார். எடை மட்டும் போடுங்க."

பென்சிலைச் சீவினார். பிறகு வரைந்தார். வேலை முடிகிற அன்று அவரே ஒரு துளசிச் சருகைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, உச்சிப் பெட்டியைக் காட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் கட்டிய எல்லா அரங்கத்திலும் அது உண்டு, அதுதான் நீங்கள் கேட்ட பெட்டி. மேலே போகிறவன் எதையாவது வைத்துவிட்டுத்தான் வருவான். பிள்ளையின் பால் பல்லை வைத்தவன் இருக்கிறான், பேருந்து டிக்கெட் வைத்தவன் இருக்கிறான். கூடாது என்றால் எனக்குத் தெரியாமல் வைப்பான். ஆகவே உச்சிக்கு ஏறுகிறவர்களே, என்ன, ஏன் என்று உங்கள் இன்சார்ஜ் கேட்கக் கூடாது. எடையை மட்டும் நீங்கள் சொல்லிவிட வேண்டும். காய்ந்த பொருளாக இருக்கட்டும். இன்சார்ஜ் ஆகப்போகிறவர்களுக்கு ஒன்று. உங்கள் ஆள் உங்களிடம் சொல்லப் பயந்துகொண்டு வைத்த பொருள்தான் கட்டடத்தில் இருப்பதிலேயே அதிக எடை.

போன வருஷம் எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. நான் போயிருந்தேன். கலசத்துக்கு நெல் கேட்டு மேளம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. கன்னியப்பன் வீட்டு வாசலில் நின்றது. என் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. நியாயம்தான். எத்தனையோ நாட்டு மண்ணில் கொடி நட்டிருக்கிறேன், சொந்தமாக ஒரு சென்ட் கழனி இல்லை. ஒரு இடத்தில் உட்கார்ந்து உழுகிறவனாக இருந்தால் வாங்கியிருப்பேன்.

கும்பாபிஷேகம் முடிந்து கூட்டம் கலைந்தது. நான் வழக்கம்போல் கோபுரத்தின் கீழே நிற்காமல் தள்ளி நின்று கலசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒன் பேர்லயும் நெல்லு போட்டுட்டன் ண்ணா. கேட்டா வேணாம்னு சொல்லுவ. அதான் கேக்கல."

எவ்வளவு எடைடா என்று மட்டும் கேட்டேன்.